பிரிண்டருக்கும் டிரைவர் வேண்டும்!

லாரி ஓட டிரைவர் வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பிரிண்டர் ஓடவும் டிரைவர் வேண்டும். இது பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. தெரியாமல் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு விழிக்கிறார்கள்.

புதுவை மேட்டுப்பாளையத்தில் லாரி டிரைவர்களுக்குப் பஞ்சம் இல்லை. (ஊட்டி மலைக்கு ரயில் ஏறுகிற மேட்டுப்பாளையம் வேறு. இது புதுவை மேட்டுப்பாளையம்.) இங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. லாரிகள் நிற்கும் முனையம் இருக்கிறது. சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் அன்றாட வேலை. சரக்கு போனால் அதோடு காகிதமும் போக வேண்டும். பில், ரசீது, வழிச்சீட்டு எல்லாவற்றையும் இப்போது கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். ஆகவே பிரிண்டர் இல்லாமல் முடியாது.

வீட்டிலும் அதே கதைதான். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிராஜெக்ட். மகனுக்குக் கல்லூரி விண்ணப்பம். தேர்வு வந்தால் ஹால் டிக்கெட். பாட்டிக்கு ஆதார் நகல். ஒவ்வொன்றுக்கும் கடைக்கு ஓட வேண்டும். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டும். ஓடி ஓடி அலுத்த குடும்பம், "நாமே ஒன்று வாங்கிவிட்டால் என்ன?" என்று நினைக்கிறது.

நினைப்பதில் தவறு இல்லை. வாங்கும் முறையில்தான் தவறு.

"எல்லாத்திலேயும் ஓடும்!"

ஒரு குடும்பம் கடைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, கூடவே மகள். பண்டிகைத் தள்ளுபடி நடக்கிறது. வரிசையாகப் பிரிண்டர்கள். ஒன்றின் விலையைப் பார்த்ததும் கணவனுக்கு ஆசை பிறக்கிறது.

"என்னங்க, நம்ம வீட்டு லேப்டாப்புக்கு இது சரிப்படுமா? கேட்டுப் பாருங்க" என்கிறாள் மனைவி.

"தம்பி, இது எங்க லேப்டாப்புல ஓடும் இல்ல?"

"எல்லாத்திலேயும் ஓடும் அண்ணே! தைரியமா எடுத்துட்டுப் போங்க!"

பணம் கட்டியாயிற்று. பெட்டி வீட்டுக்கு வந்தாயிற்று. வயரை மாட்டினால், பிரிண்டரில் விளக்கு எரிகிறது. ஆனால் தாள் வரவில்லை. லேப்டாப்பின் திரையில் ஏதோ ஓர் அறிவிப்பு வருகிறது. "டிரைவர் கிடைக்கவில்லை" என்று மகள் படித்துச் சொல்கிறாள்.

மறுநாள் கடைக்குப் போனால் கடைக்காரர் பெட்டியைத் திறக்கிறார். தம் கம்ப்யூட்டரில் மாட்டுகிறார். தாள் அழகாக வருகிறது.

"பாருங்க அண்ணே! பிரிண்டர்ல பழுதே இல்லை. உங்க லேப்டாப்புதான் சரியில்லை!"

அவர் சொல்வது பொய் அல்ல. பிரிண்டரில் பழுது இல்லை. லேப்டாப்பிலும் பழுது இல்லை. இரண்டும் நல்லவைதான். ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நல்ல மாப்பிள்ளை, நல்ல பெண், இருந்தும் ஜாதகம் பொருந்தவில்லை என்பார்களே, அதுபோல! ஜாதகப் பொருத்தத்தை நம்பாதவர்கள் இருக்கலாம். பிரிண்டர் பொருத்தத்தை நம்பாமல் இருக்க முடியாது. அது உடனே தன் வேலையைக் காட்டிவிடும்.

பெயர் டிரைவர், வேலை துபாஷி வேலை

டிரைவர் என்றால் என்ன? அது ஓர் ஆள் அல்ல. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள்.

புதுவைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் பிறந்து 1761-இல் மறைந்தவர். அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு இன்றும் புகழோடு இருக்கிறது. துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். கவர்னர் பிரெஞ்சில் சொல்வார். வியாபாரி தமிழில் சொல்வார். நடுவில் துபாஷி நின்று இவர் சொன்னதை அவருக்கும், அவர் சொன்னதை இவருக்கும் சொல்வார். துபாஷி வரவில்லை என்றால் வியாபாரம் நின்றுவிடும்.

கம்ப்யூட்டர் ஒரு மொழி பேசுகிறது. பிரிண்டர் வேறு மொழி பேசுகிறது. நடுவில் நிற்கும் துபாஷிதான் டிரைவர்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே மொழி பேசுவதில்லை. கம்ப்யூட்டரை நடத்தும் அடிப்படை மென்பொருள் சிலவற்றில் விண்டோஸ். சிலவற்றில் லினக்ஸ். ஆப்பிள் கம்ப்யூட்டர் என்றால் மேக். விண்டோஸுக்கு என்று எழுதிய டிரைவர் லினக்ஸில் வேலை செய்யாது. விண்டோஸிலேயே பழைய விண்டோஸுக்கு எழுதியது புதிய விண்டோஸில் மக்கர் செய்யலாம். ஆகவே "கம்ப்யூட்டரில் ஓடுமா?" என்று கேட்பது அரைக் கேள்விதான். "எந்தக் கம்ப்யூட்டரில்?" என்பதுதான் மீதி.

தயாரிப்பாளர்களும் சும்மா இருப்பதில்லை. விலையைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பக்கத்தை வடிவமைக்கும் மூளை வேலையைப் பிரிண்டரிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரின் தலையில் கட்டினார்கள். பிரிண்டர் மலிவாயிற்று. ஆனால் அது டிரைவரை முழுதாக நம்பி வாழ்கிற பிரிண்டர் ஆகிவிட்டது. 2005-ஆம் ஆண்டு வெளிவந்த எச்.பி. லேசர்ஜெட் 1020 என்ற சின்னப் பிரிண்டர் இதற்கு உதாரணம். உழைப்பாளியான பிரிண்டர்தான். ஆனால் ஒவ்வொரு முறை சுவிட்சைப் போட்டதும், தன் வேலை என்ன என்பதையே கம்ப்யூட்டரிடமிருந்துதான் தெரிந்துகொள்ளும்! காலையில் எழுந்ததும் தன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மறதிக்காரரைப் போல. சொல்லித் தர ஏற்ற டிரைவர் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் அது வெறும் பெட்டிதான்.

முந்நூறு ஆண்டுத் தொல்லை

இந்தத் தொல்லை கம்ப்யூட்டரோடு வந்தது அல்ல. காரைக்காலுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடியில் 300 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

1706-இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ் கற்றார். தமிழில் புத்தகம் அச்சடிக்க விரும்பினார். லண்டனிலிருந்து அவருக்கு ஓர் அச்சுப் பொறியை அனுப்பி வைத்தார்கள். அதை ஓட்டுவதற்கு ஓர் ஆளையும் கூடவே கப்பலில் ஏற்றினார்கள். புத்திசாலிகள்! பொறியை மட்டும் அனுப்பினால் போதாது என்று தெரிந்திருக்கிறது.

ஆனால் ஓட்ட வந்தவர் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். 1712-இல் பொறி மட்டும் வந்து சேர்ந்தது. பொறி இருக்கிறது, டிரைவர் இல்லை! தேடிப் பார்த்ததில், டேனிஷ் கம்பெனிச் சிப்பாய்களில் அச்சு வேலை தெரிந்த ஒருவர் அகப்பட்டார். வேலை தொடங்கியது.

தொல்லை அத்தோடு தீரவில்லை. 1713-இல் ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். அந்த எழுத்துகள் மிகவும் பெரியவை. ஒரு பக்கத்தில் சில வரிகளே பிடித்தன. காகிதமோ கடல் கடந்து வர வேண்டிய பொருள். அந்த எழுத்தில் அடித்தால் இருக்கிற காகிதம் போதாது. எழுத்து நல்ல எழுத்து. காகிதம் நல்ல காகிதம். ஆனால் இரண்டும் பொருந்தவில்லை. கடைசியில் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த உறைகளின் ஈயத்தைக்கூட அதற்கு உருக்கினார்கள் என்பார்கள். பக்கத்தில் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார்கள்.

சீகன்பால்குவுக்கு வேறு வழி இல்லை. கடல் கடந்து வருகிற பொருளை முன்கூட்டியே பார்த்து வாங்க முடியாது. கடை வாசலில் நிற்பவருக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

இலவச லேப்டாப்பும் லினக்ஸும்

2011-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. புதுவை எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. பெண் கொடுத்து, பெண் எடுத்து, இரண்டு பக்கமும் உறவு. ஆகவே புதுவை வீடுகளிலும் அந்த லேப்டாப் புழங்குவது அதிசயம் அல்ல. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்பதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாஸ் லினக்ஸ் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. வைரஸ் தொல்லை குறைவு, விலை கிடையாது. நல்ல பொருள்.

விண்டோஸ் பழுதாகிப்போனதும் பல பிள்ளைகள் லினக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது உண்டு. அவர்கள் பிரிண்டர் வாங்கப் போகும்போதுதான் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். லினக்ஸில் நன்றாக ஓடும் பிரிண்டர்கள் நிறைய இருக்கின்றன. ஓடாதவையும் இருக்கின்றன. பெட்டியைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது.

இதில் ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. லினக்ஸ் போன்றவை உலகத்துக்கு இலவசமாகக் கிடைக்க ஒரு காரணமே பிரிண்டர் தொல்லைதான்! 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஒரு புது ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். பழைய பிரிண்டராக இருந்தபோது, தாள் சிக்கினால் உடனே அறிவிப்பு வரும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதிலும் அப்படிச் செய்ய அதன் மூல நிரலைக் கேட்டார். தர முடியாது என்றார்கள். "நான் வாங்கிய பொருளை நான் திருத்தக்கூடாதா?" என்ற கோபம் அவர் மனத்தில் தங்கிவிட்டது. 1983-இல், யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற கொள்கையோடு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அதன் பலன்தான் பின்னால் லினக்ஸோடு சேர்ந்து உலகெங்கும் பரவியது. ஒரு பிரிண்டர் கொடுத்த எரிச்சல் எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள்!

எல்லோருக்கும் இயக்கம் தொடங்க நேரம் இராது. அவர்கள் வாங்குவதற்கு முன் விசாரிக்கத்தான் வேண்டும்.

மூன்று பிரதி வேண்டும்!

மேட்டுப்பாளையம் போன்ற இடத்தில் இன்னொரு பொருத்தமும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரோடு பொருந்தினால் மட்டும் போதாது. செய்கிற வேலையோடும் பொருந்த வேண்டும்.

சரக்கு அனுப்பும் ஜி.எஸ்.டி. பில் மூன்று பிரதி போட வேண்டும் என்பது சட்டம். மூலப் பிரதி வாங்குபவருக்கு. இரண்டாவது லாரிக்காரருக்கு. மூன்றாவது விற்பவருக்கு. புதுவையில் சரக்கு கொஞ்ச தூரம் போனாலே அடுத்த மாநிலம். ஆகவே 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்ற வழிச்சீட்டும் வேண்டும். கையில் அதன் எண் இருந்தாலும் போதும் என்கிறது சட்டம். ஆனால் வழியில் லாரியை நிறுத்தும்போது தாளை நீட்டுவதுதான் டிரைவர்களுக்குத் தெம்பு.

மூன்று தாளைக் கார்பனோடு சேர்த்து ஒரே அடியில் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரால்தான் முடியும். "கர்... கர்..." என்று சத்தம் போடுமே, அதுதான். அதன் ஊசிகள் தாளைக் குத்துகின்றன. அதனால் கீழ்த் தாளிலும் எழுத்து பதிகிறது. லேசர் பிரிண்டர் தாளைக் குத்துவது இல்லை. பொடியைச் சூட்டில் ஒட்டுகிறது. அதில் கார்பன் தாள் பலிக்காது. மூன்று முறை அடிக்க வேண்டும். லாரி எடை மேடைகளில் இன்றும் டாட் மேட்ரிக்ஸ் கத்திக்கொண்டிருப்பதற்குக் காரணம் பழமை மோகம் அல்ல.

அந்தப் பழைய பிரிண்டரை வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டரை மாற்றும்போது மாட்டிக்கொள்கிறார்கள். பழைய பிரிண்டரின் பின்னால் அகலமான பேரலல் வாய் இருக்கும். புதுக் கம்ப்யூட்டரில் அந்த வாயே இல்லை, யு.எஸ்.பி. வாய்தான். நடுவில் மாட்ட மாற்று வயர் கிடைக்கிறது. ஆனால் மிகப் பழைய பில் மென்பொருள் சில, பேரலல் வாயைத் தவிர வேறு எதையும் அறியாது. மாற்று வயர் போட்டாலும் அவை வழி தெரியாமல் நிற்கும்.

தமிழில் பில் போட விரும்பும் சிறு கடைக்காரருக்கு ஒரு வார்த்தை. சாதாரண டாட் மேட்ரிக்ஸ் தன் நினைவில் ஆங்கில எழுத்துகளைத்தான் வைத்திருக்கும். தமிழை அது படமாகத்தான் வரைய வேண்டும். வரும், ஆனால் மெதுவாக வரும். வரிசையில் ஆள் நிற்கும் கடைக்கு இது சரிப்படுமா என்று ஒரு தமிழ் பில்லை அடித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

பாரிஸிலிருந்து வந்த பிரிண்டர்

புதுவையில் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் உறவு உண்டு. சித்தப்பா விடுமுறைக்கு வருகிறார். அன்போடு ஒரு பிரிண்டரைத் தூக்கி வருகிறார். மின்சாரம் இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிளக்கை மட்டும் மாற்றினால் ஓடும். முதல் மாதம் வீடே மகிழ்ச்சியாக இருக்கும்.

மை தீர்ந்ததும்தான் வினை. மைக் கூடுகளில் சில நிறுவனங்கள் நாட்டுப் பகுதிக்கு ஏற்றபடி அடையாளம் பதித்து விற்கின்றன. ஐரோப்பாவுக்கு என்று வந்த பிரிண்டர், இந்தியாவுக்கு என்று வந்த மைக் கூட்டை ஏற்க மறுக்கலாம். அதே நிறுவனம், அதே எண், அதே மை. இருந்தும் "இது என் ஊர் மை அல்ல" என்று பிடிவாதம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் சித்தப்பாவை எதிர்பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? நிறுவனத்தின் சேவைப் பிரிவோடு பேசி மாற்றச் சொல்லலாம். அதற்கு அலைய வேண்டும். இப்படி ஊருக்கு ஊர் பூட்டுப் போடுவது வாங்குபவருக்கு ஒரு நன்மையும் தருவதில்லை; நிறுவனத்தின் கணக்குக்குத்தான் நன்மை. அன்பளிப்பு வரட்டும். ஆனால் வாங்குவதற்கு முன் சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது உறவுக்கும் நல்லது.

இப்போது என்ன நிலைமை?

நல்ல செய்தியும் இருக்கிறது. துபாஷி இல்லாமலே பேசிக்கொள்ளும் பொது மொழி ஒன்று பரவி வருகிறது. 2010-இல் ஆப்பிள் நிறுவனம் ஏர்பிரிண்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்கள் சேர்ந்து மோப்ரியா என்ற முறையைக் கொண்டுவந்தன. இந்த வசதி உள்ள பிரிண்டருக்குப் போனிலிருந்தே தாள் அனுப்பலாம். தனி டிரைவர் தேட வேண்டியது இல்லை. புதுக் கம்ப்யூட்டர்களும் இந்த மொழியைப் பேசுகின்றன. புதிதாக வாங்குபவர் இந்த இரண்டு பெயரில் ஒன்றாவது பெட்டியின் மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. (வைஃபை வைத்திருப்பவர்கள் ஒன்று பார்க்க வேண்டும். மலிவான பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், 5-இல் சேராது.)

இன்னொரு பக்கம், பழைய பிரிண்டர்களின் காலம் நெருங்குகிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அதனால் பலரும் விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப்புக்கு மாறுகிறார்கள். ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனித்தனி டிரைவர் என்ற முறையைப் படிப்படியாகக் கைவிடப் போவதாகவும் அந்த நிறுவனம் 2023-இலேயே அறிவித்துவிட்டது. ஆகவே புது லேப்டாப் வாங்குபவரும் வீட்டில் இருக்கும் பழைய பிரிண்டரை நினைத்துப் பார்க்க வேண்டும். பொருத்தம் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டிய ஒன்று.

பார்ப்பது கஷ்டமா? இல்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் படம் போட்ட சாவியையும் "ஆர்" சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் ஆங்கிலத்தில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்று ஆறு எழுத்தை அடித்து, என்டர் தட்டினால், எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு என்று வந்துவிடும். அதைப் போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளலாம். லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள ஓட்டைகளையும் ஒரு படம் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு படம் போதும். எழுதப் படிக்கத் தடுமாறுபவர்கூடக் கடையில் படத்தைக் காட்டிக் கேட்டுவிடலாம்.

அதைவிட நல்லது, லேப்டாப்பையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது. புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போகும் பெண்கள் புடவையைக் கையோடு எடுத்துப் போகிறார்கள். வெட்கப்படுகிறார்களா? இல்லை. பல ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு மட்டும் ஏன் வெட்கம்?

கடைக்காரர் கேட்க வேண்டாமா?

இத்தனை பாரத்தையும் வாங்குபவர் தலையில் சுமத்துவது நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லைதான்.

செருப்புக் கடையில் கால் அளவு கேட்காமல் செருப்பு கொடுப்பதில்லை. கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதிக்காமல் கண்ணாடி கொடுப்பதில்லை. பிரிண்டர் கடையில் மட்டும் "உங்கள் கம்ப்யூட்டர் என்ன?" என்று கேட்காமல் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இது மாற வேண்டும். பெட்டியின் மேல் எவற்றோடு ஓடும் என்பதைச் சின்ன ஆங்கில எழுத்தில் ஒரு மூலையில் போடுகிறார்கள். பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். தமிழ் ஊரில் விற்கும் பெட்டியில் அந்த ஒரு வரியைத் தமிழில், பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இதில் உண்மையாக அடிபடுபவர்கள் வசதி உள்ளவர்கள் அல்ல. அவர்கள் வேறு ஒன்று வாங்கிக்கொள்வார்கள். அடிபடுவது கடன் வாங்கித் தொழில் தொடங்குபவர்கள். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் சிறு தொழிலுக்கு 50,000 ரூபாய் வரை "சிசு" கடன் தருகிறார்கள். லாரிகள் வந்து போகும் இடத்தில் ஒரு பெண் சின்னக் கடை போட்டு, பில்லும் விண்ணப்பமும் அடித்துக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று அந்தக் கடனை வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாங்கிய பிரிண்டர் ஓடவில்லை என்றால் தவணை நிற்குமா? நிற்காது. முதல் தேதி வந்தால் கட்டித்தான் ஆக வேண்டும்.

சட்டம் அவளுக்கு உதவுமா? உதவும். ஆனால் அவள் ஒரு காரியம் செய்திருக்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "குறைபாடு" என்பதற்கு விளக்கம் சொல்கிறது. பொருள் உடைந்திருந்தால் மட்டும் குறைபாடு அல்ல. விற்பவர் எப்படி இருக்கும் என்று சொன்னாரோ அப்படி இல்லாவிட்டாலும் குறைபாடுதான். ஆகவே "எல்லாத்திலேயும் ஓடும் அண்ணே" என்று வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். அதையே பில்லில் எழுதி வாங்கினால் கதை வேறு.

பில் போடும்போது ஒரே ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். "இந்தப் பிரிண்டர் வாங்குபவரின் விண்டோஸ் 11 லேப்டாப்பில் ஓடும்" என்பதுபோல ஒரு வரி. அவரவர் கம்ப்யூட்டருக்கு ஏற்ற பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பிரிண்டரின் மாடல் எண்ணை முழுதாக எழுத வேண்டும்; கடைசி எழுத்து மாறினாலும் வேறு பிரிண்டர் ஆகிவிடும்! கீழே கடை முத்திரை. அவ்வளவுதான். நாணயமான கடைக்காரர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பார். எழுதத் தயங்கினால், அந்தத் தயக்கமே பதில். அடுத்த கடைக்குப் போகலாம்.

அந்த ஒரு வரி கையில் இருந்தால், "பிரிண்டரில் பழுது இல்லையே" என்ற பேச்சு எடுபடாது. குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது அதே சட்டம். பில்லில் கெடு எழுதி இருந்தால் அந்தக் கெடு. எழுதாவிட்டால் 30 நாள். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காகப் பொருள் வாங்கியவரும் நுகர்வோர்தான். ஆகவே லாரி முனையத்துப் பெண்ணுக்கும் வழக்குப் போட உரிமை உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்பதும் இல்லை.

வழக்குக்கு முன்னால் ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலும் பேசலாம். பேசும்போது பில்லைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.